பனிக்குள் மனிதர்கள் இருந்தார்கள்

துருவங்களை இலக்கியமும் சினிமாவும் வீடியோ கேமும் எப்படிக் காட்டின? காட்டாமல் விட்டது யாரை?

சார்லஸ் டிக்கன்ஸ் ஆர்க்டிக் பகுதிக்குப் போனதில்லை. ஆனாலும் 1854 டிசம்பரில், தாம் நடத்திவந்த ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ வார இதழில், அங்கே வாழும் இனுயிட் மக்களின் சாட்சியத்தை நம்பவே கூடாது என்று இரண்டு பகுதிகளாக ஒரு கட்டுரை எழுதினார். அன்றைய இங்கிலாந்தில் டிக்கன்ஸ் ஒன்றைச் சொன்னால் நாடே காதுகொடுக்கும். இதற்கும் கொடுத்தது.

விவகாரம் இதுதான். 1845-இல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டன. 129 பேர் பனிக்கடலுக்குள் நுழைந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் தேடியும் ஆட்கள் அகப்படாத நிலையில், ஹட்சன் பே கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ரே என்ற மருத்துவர் 1854-இல் முதல் செய்தியைக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் பிறந்தவர் அவர். இனுயிட் மக்களிடமே உடுக்கவும் உண்ணவும் பனிவீடு கட்டவும் கற்றுக்கொண்டு, அவர்களைப் போலவே பயணம் செய்தவர். அந்த மக்கள் அவரிடம் சொன்னார்கள்: நான்கு குளிர்காலங்களுக்கு முன் ஏறத்தாழ 40 வெள்ளைக்காரர்கள் ஒரு படகை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார்கள், பிறகு அவர்களின் பிணங்கள் கிடைத்தன, சாவதற்கு முன் அவர்கள் இறந்தவர்களின் உடலைத் தின்றிருக்கிறார்கள். ஃபிராங்க்ளினின் பதக்கமும், அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டிகளும் அந்த இனுயிட் மக்கள் கையில் இருந்தன. ரே அவற்றை விலைக்கு வாங்கி வந்து அறிக்கையோடு கொடுத்தார்.

இங்கிலாந்து கொதித்தது. ஆங்கிலேய மாலுமி பட்டினி கிடந்து சாவானே தவிர மனித மாமிசம் தொடமாட்டான் என்றார் டிக்கன்ஸ். அந்தக் ‘காட்டுமிராண்டிகளே’ அவர்களைக் கொன்றிருக்கலாம் என்றும் எழுதினார். அத்தோடு நிற்கவில்லை. நண்பர் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி ஃப்ரோசன் டீப்’ என்ற ஆர்க்டிக் நாடகத்தைத் தம் வீட்டிலேயே மேடையேற்றி, போட்டியாளனைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுக்கும் நாயகனாகத் தாமே நடித்தார். விக்டோரியா மகாராணிகூட அதைப் பார்த்தார். அந்த வேடத்தில் நடித்தபோதுதான் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டிஸ்’ நாவலின் மூலக் கருத்து தமக்குத் தோன்றியது என்று அதன் முன்னுரையில் டிக்கன்ஸே சொல்லியிருக்கிறார். நாம் கல்லூரிகளில் பாடமாகப் படித்துக் கண்கலங்கும் சிட்னி கார்ட்டனின் தியாகம், ஒரு மக்கள்கூட்டத்தின் வாக்குமூலத்தை மறுக்கப் பிறந்த நாடகத்திலிருந்து முளைத்தது.

அந்த வாக்குமூலம் முழுக்க உண்மை. கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தி பட்ட தடங்கள் இருப்பதை 1990-களில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 2014-இல் எரிபஸ் கப்பல் கடலடியில் கிடைத்தது; ஒரு கப்பல் அந்தப் பக்கம்தான் மூழ்கியது என்று இனுயிட் முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதி அது. 2016-இல் டெரர் கப்பலைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக் என்ற இனுயிட் வேட்டைக்காரர். 2024-இல் எரிபஸ் கப்பலின் தலைவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடை எலும்பு மரபணு வழியே அடையாளம் காணப்பட்டது. அதிலும் வெட்டுத் தடங்கள் இருந்தன. ஃபிராங்க்ளினுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 1875-லேயே நினைவுச்சிலை எழுந்துவிட்டது. உண்மையைச் சொன்ன ரேயின் பெயர் அங்கே பொறிக்கப்பட 2014 வரை ஆனது.

துருவங்களைப் பற்றி உலகம் எழுதிய, படமெடுத்த, விளையாடிய கதைகளை இந்த ஒரு நிகழ்ச்சியை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் பார்க்கிறேன். வட துருவப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்கிறார்கள். தென் துருவக் கண்டத்தில் பூர்வகுடிகள் எவரும் இல்லை. பூமியின் இரு முனைகளுக்கும் இடையே இதைவிடப் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் இருநூறு ஆண்டுக் கற்பனை, இரண்டையும் ஒரே வெள்ளைத்தாளாக, ஆளில்லாத அமைதியாக, வெளியூர் வீரன் தன்னைச் சோதித்துக்கொள்ளும் களமாகவே வரைந்துவைத்திருக்கிறது. தெற்கில் அந்தக் கற்பனை யாருக்கும் தீங்கு செய்யவில்லை. வடக்கில் செய்தது.

நம்முடைய திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருளாக வந்து சேர வேண்டும். மனிதரின் ஒழுக்கம் உரிப்பொருளாக நிறைய வேண்டும். அப்போதுதான் அது திணை. ஐரோப்பிய துருவக் கதைகளில் பெரும்பாலானவை முதற்பொருளோடு நின்றுவிட்டவை.

முதலில் பயம் இருந்தது

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818-இல் வந்தது. ஆய்வுக்கூடத்தில் உயிர்பெறும் பிணம்தான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. ஆனால் நாவல் தொடங்குவதும் முடிவதும் ஆர்க்டிக் கடலில். வட துருவத்தைத் தேடிப் போகும் வால்டன் என்ற இளைஞன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்களாகத்தான் கதை விரிகிறது. அங்கே வெளிச்சம் என்றும் மறையாது, காந்தத்தின் ரகசியம் புலப்படும் என்றெல்லாம் கனவு காண்கிறான் அவன். பனி கப்பலைச் சூழ்ந்து இறுக்கும்போது, தன் படைப்பைத் துரத்திவந்து குற்றுயிராகிப்போன விக்டரைச் சந்திக்கிறான். எல்லையில்லாத அறிவுப் பசி மனிதனைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் என்று ஆர்க்டிக்கை மேரி ஷெல்லி தேர்ந்துகொண்டார். அந்தக் கதைக்கு அது பொருத்தம்தான். பத்தொன்பது வயதுக்குள் எழுதத் தொடங்கிய பெண், தன் காலத்து ஆண்களின் துருவ வெறியை அவர்களைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்.

அதற்கு இருபது ஆண்டு முன்பே கோல்ரிட்ஜின் கிழ மாலுமி தென்பனிக்கடலில் அல்பட்ராஸ் பறவையைக் கொன்று சாபம் வாங்கியிருந்தான். இருபது ஆண்டு கழித்து, 1838-இல், எட்கர் ஆலன் போ தன் ஒரே முழு நாவலான ‘ஆர்தர் கார்டன் பிம்’மில் நாயகனைத் தென் துருவம் நோக்கி மிதக்கவிட்டார். கடைசியில் ஒரு பிரம்மாண்டமான வெள்ளை உருவம் எழுகிறது, கதை பாதியில் அறுந்துவிடுகிறது. வழியில் வரும் தீவின் மக்களுக்குப் பல்கூடக் கறுப்பு. வெண்மை என்றால் புனிதம், கறுப்பு என்றால் வஞ்சகம். அமெரிக்க இலக்கியத்தில் வெண்மை எப்படிச் செயல்படுகிறது என்று ஆராய்ந்த டோனி மாரிசன் இந்த இறுதிக் காட்சியைக் கையில் எடுத்தது தற்செயலல்ல. ஜூல் வெர்ன் 1897-இல் போவின் கதைக்குத் தொடர்ச்சி எழுதினார். அதற்கு முன்பே கேப்டன் ஹட்டராஸ் என்ற பாத்திரத்தை வட துருவத்துக்கு அனுப்பி, அங்கே ஓர் எரிமலையை வைத்திருந்தார். அப்போது யாரும் துருவத்தை எட்டியிருக்கவில்லை. அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற சுதந்திரம் எழுத்தாளர்களுக்கு இருந்தது.

அண்டார்டிகா: வீரர்களும் வேற்றுயிர்களும்

அண்டார்டிகாவில் அந்தச் சுதந்திரம் நியாயமானது. எனவே அங்கிருந்து வந்த கற்பனைகள் பலவும் வலுவானவை. 1936-இல் வெளியான லவ்கிராஃப்டின் ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’, மனிதனுக்கு முந்தைய நகரம் ஒன்றைப் பனிக்கு அடியில் காட்டியது. 1938-இல் ஜான் கேம்பல் எழுதிய ‘ஹூ கோஸ் தேர்?’ என்ற குறுநாவலில், பனியில் புதைந்துகிடந்த வேற்றுக்கிரக உயிர் தான் தொட்ட எவரின் உருவத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதை வைத்து ஜான் கார்பெண்டர் 1982-இல் எடுத்த ‘தி திங்’, வெளியான நேரத்தில் தோற்றது; ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ அப்போது தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று துருவப் படங்களில் அதற்கு நிகராக நான் வைக்கக்கூடியவை மிகச் சில. அதன் பயம் அருவருப்பான உருவங்களிலிருந்து வருவதில்லை. குளிர்காலம் முழுக்க வெளியே போக முடியாத ஒரு முகாமில், பன்னிரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் போவதிலிருந்து வருகிறது. தென் துருவத்தில் உள்ள அமெரிக்காவின் அமுன்ட்சென்-ஸ்காட் நிலையத்தில், பருவத்தின் கடைசி விமானம் கிளம்பிப் போனதும், குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கிவிட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே வாழ்பவர்களே தங்கள் கதையாக ஏற்றுக்கொண்ட படம் அது.

வீரகாவியங்கள் வேறு வகை. தென் துருவப் பயணத்தில் ஸ்காட்டோடு போன ஹெர்பர்ட் பாண்டிங் எடுத்த காட்சிகள் 1924-இல் ‘தி கிரேட் வைட் சைலன்ஸ்’ என்ற பெயரில் வந்தன. ஷாக்கிள்டனின் எண்டுரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கியபோது, புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி உறைநீரில் இறங்கித் தன் கண்ணாடித் தகடுகளை மீட்டார். எல்லாவற்றையும் தூக்கிச் செல்ல முடியாது என்பதால் ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400-ஐத் தம் கையாலேயே உடைத்தார். ஆசை மறுபடி தலைதூக்கக் கூடாதல்லவா! அந்தக் கப்பல் 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்தபோது, உலகம் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டதற்கு ஹர்லியின் படங்களே காரணம்.

ஸ்காட்டின் கதை இன்னும் சிக்கலானது. 1911 டிசம்பர் 14 அன்று அமுன்ட்சென் தென் துருவத்தை எட்டிவிட்டார். ஸ்காட் 1912 ஜனவரி 17-இல் போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில் அவரும் அவருடைய நான்கு தோழர்களும் இறந்தார்கள். 1948-இல் ஜான் மில்ஸ் நடித்த ‘ஸ்காட் ஆஃப் தி அண்டார்டிக்’ அந்தத் தோல்வியைத் தேசிய தியாகமாக்கியது. ரோலண்ட் ஹண்ட்ஃபோர்டு 1979-இல் எழுதிய நூல் அதைக் கவிழ்த்துப்போட்டு, அமுன்ட்செனின் திட்டமிடலை முன்னே நிறுத்தியது. இந்த வாதத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒரு சங்கதி இருக்கிறது. அமுன்ட்சென் தெற்கே போவதற்கு முன், 1903 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஜோவா ஹேவனில் நெட்சிலிக் இனுயிட் மக்களோடு தங்கியிருந்தார். தோலாடையைத் தளர்வாக அணிவது, நாய்வண்டி ஓட்டுவது, பனியில் வீடு கட்டுவது எல்லாம் அங்கே கற்றவை. துருவத்தின் வெற்றியில் அந்தக் கிராமத்துக்குப் பங்கு உண்டு. வீரப்படங்கள் பெரும்பாலும் அங்கே கேமராவைத் திருப்பவில்லை.

இன்னொரு கதையைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. உர்சுலா லெ குவின் 1982-இல் எழுதிய ‘சுர்’ என்ற சிறுகதையில், தென் அமெரிக்கப் பெண்கள் சிலர் 1909-லேயே தென் துருவத்தை அடைந்துவிடுகிறார்கள். பின்னால் வரப்போகும் ஆண்கள் மனம் உடைந்துபோவார்களே என்று ஒரு கொடியையோ கல்லையோ நடாமல் திரும்பி, வீட்டில் குழந்தைகளை வளர்க்கிறார்கள். உண்மையில் பெண்கள் தென் துருவத்தில் கால்வைத்தது 1969-இல்தான். அதுவரை அமெரிக்கக் கடற்படை அவர்களை அழைத்துப்போக மறுத்துவந்தது. வெறும் பத்துப் பதினைந்து பக்கத்தில், தடம் பதிப்பதே சாதனை என்ற நம்பிக்கையை இவ்வளவு அன்போடு கலைத்துப்போட்ட கதை வேறொன்றை நான் படித்ததில்லை.

இனுக்ஜுவாக்: ஒரு படமும் ஒரு நாடுகடத்தலும்

வடக்குக்குத் திரும்புவோம். கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இனுக்ஜுவாக் என்ற சிற்றூர் இருக்கிறது. ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சு உரோம வணிக நிறுவனத்தின் பணத்தில், ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி 1920-இலும் 1921-இலும் அங்கே தங்கி ‘நானுக் ஆஃப் தி நார்த்’ படத்தை எடுத்தார். 1922-இல் வெளியாகி உலகம் சுற்றிய படம். ஆவணப்பட வரலாறு எழுதுகிற எவரும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள்.

நானுக்காக நடித்தவரின் உண்மைப் பெயர் அல்லாக்காரியல்லாக். திரையில் மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. அந்த ஊரார் அப்போதே துப்பாக்கியால் வேட்டையாடினார்கள்; படத்துக்காக ஈட்டியை எடுக்கச் சொன்னார் இயக்குநர். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு இடமும் வெளிச்சமும் போதவில்லை என்பதால் பாதி மட்டும் கட்டிய இக்லூவில், திறந்த வெளியின் குளிரில், குடும்பம் உறங்கி எழுவதுபோல் நடித்தது. கிராமஃபோன் தட்டை முதல்முறை பார்ப்பவர்போல் நானுக் கடித்துப்பார்க்கும் காட்சியும் ஏற்பாடுதான். ஃபிளாஹெர்ட்டியிடம் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தின் சிரிப்பையும் உழைப்பையும் அவ்வளவு அருகில் போய்க் காட்டிய படம் அதற்கு முன் இல்லை. வால்ரஸ் வேட்டைக் காட்சியில் அந்த ஆண்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கும் பலம் பொய்யல்ல. ஆனால் காலத்தில் முன்னேறிக்கொண்டிருந்த மக்களை, காலமே தொடாதவர்களாக அது நிறுத்திவைத்தது. நானுக் பின்னர் பட்டினியால் இறந்ததாக ஃபிளாஹெர்ட்டி பரப்பினார். அவர் காசநோயால் இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு.

ஃபிளாஹெர்ட்டி ஊரைவிட்டுப் போன அதே 1921-இன் இறுதியில், படத்தில் நடித்த மேகி நுஜார்லுக்டுக் என்ற பெண்ணுக்கு அவர் மூலம் ஒரு மகன் பிறந்தான். ஜோசஃபி என்று பெயர். தகப்பன் திரும்பி வரவே இல்லை.

1953-இல் கனடா அரசு இனுக்ஜுவாக் குடும்பங்கள் சிலவற்றை, 2,000 கிலோமீட்டர் வடக்கே உள்ள ரெசல்யூட், கிரிஸ் ஃபியோர்டு ஆகிய இடங்களுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியது. 1955-இல் மேலும் சிலர். எல்லாம் சேர்த்து 90 பேர் அளவில். வேட்டை நன்றாகக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று வாக்களித்திருந்தார்கள். அங்கே மாதக்கணக்கில் சூரியன் உதிக்காது. அவர்களுக்குத் தெரிந்த செடியும் இல்லை, பழகிய விலங்குகளும் குறைவு. முதல் குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழித்தார்கள். திரும்ப அனுப்பும் வாக்கு காற்றில் போனது. பனிப்போர்க் காலத்தில் அந்தத் தீவுகள் கனடாவுக்குச் சொந்தம் என்று காட்டத் தங்களைக் கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்று அந்தக் குடும்பத்தினர் சொன்னார்கள். 1955-இல் போனவர்களில் ஜோசஃபி ஃபிளாஹெர்ட்டியும் ஒருவர். அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2010 ஆகஸ்டில்.

படம்தான் இதற்குக் காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் உண்மையான இனுயிட் என்றால் பனிவெளியில் ஈட்டியோடு நிற்பவன், எந்தப் பனியில் விட்டாலும் பிழைத்துக்கொள்வான் என்ற எண்ணம் திரையிலும் இருந்தது, அதிகாரியின் கோப்பிலும் இருந்தது. பனி என்றால் எல்லாம் ஒரே பனி என்று நினைப்பவருக்குத்தான் இனுக்ஜுவாக்கும் கிரிஸ் ஃபியோர்டும் ஒன்றாகத் தெரியும்.

அதே 1953-இல் ரெசல்யூட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவர்களில் மார்க்கூசி பட்சாக் என்பவர் வளர்ந்து விமானியானார். 1969-70-இல் இனுக்டிட்டுட் மொழியில் ஒரு வேட்டைக்காரனின் கதையைத் தொடராக எழுதினார். அது ‘ஹார்பூன் ஆஃப் தி ஹண்டர்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்து, கனடாவில் அச்சில் ஏறிய முதல் இனுயிட் நாவலாக அறியப்பட்டது. வெறிநோய் பிடித்த கரடியைத் துரத்திப் போகும் இளைஞனின் கதை. அதில் பனி அச்சமூட்டும் வெறுமை இல்லை. எங்கே விரிசல், எங்கே கனம், எந்தப் பக்கம் காற்று என்று ஒவ்வொரு அடியிலும் தெரிந்த நிலம். அதனால்தான் அங்கே நிகழும் சாவு இவ்வளவு வலிக்கிறது.

கேமரா கை மாறியபோது

கனடாவின் இக்லூலிக் ஊர், தங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லை என்பதற்காகத் தெற்கிலிருந்து வந்த தொலைக்காட்சியை 1970-களில் இரண்டு முறை வாக்கெடுத்து மறுத்த ஊர். அங்கிருந்து சகாரியாஸ் குனுக் 1981-இல் தன் சிற்பங்களை விற்று ஒரு வீடியோ கேமரா வாங்கிவந்தார். நண்பர்களோடு 1990-இல் ‘இசுமா’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2001-இல் ‘அத்தனார்ஜுவாட்’ வந்தது. முழுக்க இனுக்டிட்டுட் மொழியில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் அது. கேன்ஸ் விழாவில் முதல் படத்துக்கான ‘கேமரா தோர்’ விருது பெற்றது. 2015-இல் டொரண்டோ திரைப்பட விழா நடத்திய வாக்கெடுப்பில், கனடாவின் தலைசிறந்த படம் என்ற முதலிடம் அதற்கே.

கதை பழைய வாய்மொழிக் கதை. இரு குடும்பங்களின் பகை, ஒரு பெண், பொறாமை, கொலை. அண்ணன் கூடாரத்தில் குத்திக் கொல்லப்பட, தம்பி அத்தனார்ஜுவாட் உடம்பில் துணியின்றி வசந்தகாலப் பனிமீது ஓடி உயிர் தப்புகிறான். நீர் தேங்கிய பனித்தளத்தில் அவன் பாதம் கிழிந்து ரத்தம் படியும் அந்த ஓட்டம், நான் பார்த்த சினிமாக் காட்சிகளில் மறக்க முடியாத ஒன்று. இங்கே நிலம் யாரையும் சோதிக்கவில்லை. மனிதர்களின் தீமையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் மனிதர்களே. வாய்மொழி மரபில் நாயகன் பகைவனைக் கொன்றுவிடுவான். குனுக் அதை மாற்றி, மன்னிப்பும் ஊர்விலக்கமுமாக முடித்தார். ஆடைகளை ஊர்ப் பெண்கள் கையாலேயே தைத்தார்கள். 1820-களில் அங்கே குளிர்காலம் கழித்த கேப்டன் பாரியின் குழுவினர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் படக்குழு பயன்படுத்திக்கொண்டது. ஆய்வுப்பயணிகளின் நூல் இம்முறை அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு உதவியது.

சில கதைகள் வெளியாரிடமிருந்தும் நன்றாக வந்தன. ஃபிராங்க்ளின் பயணத்தை டான் சிம்மன்ஸ் 2007-இல் ‘தி டெரர்’ நாவலாக எழுதினார். 2018-இல் அது தொலைக்காட்சித் தொடரானது. கிரீன்லாந்துப் பாடகி நிவே நீல்சன் அதில் இனுயிட் பெண்ணாக நடித்தார். மர்மமான மிருகம் ஒன்று மாலுமிகளை வேட்டையாடுவது புனைவு. ஆனால் அங்கே பேசப்படும் மொழி நிஜம். அதில் வரும் இனுயிட் மக்களுக்கு அந்த நிலம் பழக்கமான வீடு. டோகோ நாட்டுக்காரர் டேட்டே-மிஷேல் க்போமாசி எழுதிய நூல் இன்னொன்று. சிறுவயதில் தென்னை மரத்தில் பாம்பைப் பார்த்து மிரண்டு விழுந்தவரைப் பாம்புத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட முடிவெடுத்தார் தகப்பன். அந்த நாட்களில் லோமே நகரில் கிரீன்லாந்து பற்றிய ஒரு புத்தகம் கையில் கிடைக்க, பாம்பும் மரமும் இல்லாத அந்த நாட்டுக்கே போய்விடுவது என்று கிளம்பினார். எட்டு ஆண்டு வழிநெடுக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1965-இல் அங்கே இறங்கினார். அவர் பார்த்தது பனி குறைவு, மனிதர் அதிகம்: அவர்களின் விருந்து, குடி, சண்டை, விருந்தோம்பல். வெப்ப நாட்டிலிருந்து துருவம் போனவர் எழுதிய அந்தப் புத்தகத்தை ஐரோப்பியர்களின் நூறு பயணக் குறிப்புகளுக்கு மேலே வைப்பேன்.

இன்றைய கிரீன்லாந்தில் நிவியாக் கோர்னேலியுசென் எழுதுகிறார். 2014-இல் வந்த அவருடைய முதல் நாவலில் நூக் நகரத்து இளைஞர்கள் கைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள், விருந்துகளில் குடிக்கிறார்கள், தன்பாலினக் காதலை ஒளிக்கவும் சொல்லவும் திண்டாடுகிறார்கள். பனிக்கரடி வருவதில்லை. 2021-இல் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு அவரை வந்தடைந்தது.

விளையாட்டில் யார் ஆடுகிறார்கள்?

வீடியோ கேம்களில் துருவம் நீண்டகாலம் வெறும் வழுக்குத் தரையாகத்தான் இருந்தது. போலந்து நிறுவனமான 11 பிட் ஸ்டுடியோஸ் 2018-இல் வெளியிட்ட ‘ஃப்ராஸ்ட்பங்க்’ அதைத் தீவிரமாக்கியது. கற்பனையான 1886. உலகம் உறைந்துவிட்டது. வடக்கே பனிப்பள்ளத்தில் ஒரு நிலக்கரி உலையைச் சுற்றி அகதிகளின் நகரத்தை நீங்கள் ஆள வேண்டும். உலை அணைந்தால் எல்லோரும் சாவார்கள். குழந்தைகளை வேலைக்கு அனுப்பலாமா, சாப்பாட்டில் மரத்தூள் கலக்கலாமா என்று ஒவ்வொரு சட்டமும் உங்கள் கையெழுத்துக்கு வரும். தர்மசங்கடத்தைக் கையில் கொடுக்கும் நேர்த்தியில் அதற்கு இணை குறைவு. ஆனால் அந்த வடக்கில் ஏற்கெனவே வாழத் தெரிந்த மக்கள் யாரும் இல்லை. குளிரோடு வாழும் வழி இயந்திரமும் அதிகாரமும் மட்டுமே என்று அந்த விளையாட்டு நம்புகிறது.

2014-இல் வந்த ‘நெவர் அலோன்’ இதற்கு நேர் எதிர். அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்குச் சேவை செய்யும் குக் இன்லெட் பழங்குடிக் கவுன்சில், ஈ-லைன் மீடியாவோடு சேர்ந்து உருவாக்கியது. இனுப்பியாக் மக்களின் ஒரு பழங்கதையே கரு. ராபர்ட் நஸ்ருக் கிளீவ்லண்ட் சொல்லிவைத்த கதை அது. அதைப் பயன்படுத்த அவர் மகளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும், ஓயாத பனிப்புயலின் பிறப்பிடத்தைத் தேடிப் போகிறார்கள். சிறுமியால் முடியாததை நரி செய்யும், நரியால் முடியாததைச் சிறுமி செய்வாள். கதை சொல்லும் குரல் இனுப்பியாக் மொழியில் ஒலிக்கிறது. விளையாடிக்கொண்டே போகும்போது, இனுப்பியாக் மூத்தவர்கள் தங்கள் கடலையும் பனியையும் பற்றிப் பேசும் சிறு காணொளிகள் திறக்கும். பாஃப்டா விருதுகளில் 2015-இன் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வானது. ஒரு பண்பாட்டிடம் அனுமதி கேட்பதும் கூடவே உட்கார்ந்து உருவாக்குவதும் கலையைக் குறைக்காது, கூட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கரடியும் சீலும்

இப்போது துருவத்தின் முகம் உருகும் பனியில் தனியாக நிற்கும் கரடி. 2017-இல் எலும்பும் தோலுமான ஒரு கரடியின் வீடியோ உலகை அழவைத்தது. அந்த ஒரு கரடியின் நிலைக்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்று உறுதியாகச் சொன்னதில் தாங்கள் வரம்பு மீறிவிட்டதாக நேஷனல் ஜியோகிராஃபிக் மறு ஆண்டு ஒப்புக்கொண்டது. பனி உருகுவது உண்மை. அதன் முதல் அடியை வாங்குபவர்கள் அங்கே வாழும் மக்கள். இனுயிட் தலைவர் ஷீலா வாட்-க்ளூட்டியர் 2005-லேயே, குளிரில் வாழ்வது எங்கள் உரிமை என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம் மனு கொடுத்தார். கரடிக்குக் கிடைத்த கண்ணீரில் ஒரு பங்குகூட அந்த மனுவுக்குக் கிடைக்கவில்லை.

சீல் கடல்நாயின் கதையும் அப்படித்தான். கண்ணில் நீர் ததும்பும் வெள்ளைக் குட்டியின் படத்தை வைத்து நடந்த பிரசாரத்தின் முடிவில், 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் சீல் பொருட்களுக்குத் தடை விதித்தது. இனுயிட் மக்களுக்கு விலக்கு உண்டு என்றார்கள். சந்தையே சரிந்த பிறகு விலக்கால் என்ன பயன்? அலீத்தியா ஆர்னாக்குக்-பாரில் 2016-இல் எடுத்த ‘ஆங்ரி இனுக்’ ஆவணப்படம் இதைத்தான் கேட்கிறது. தன் ஊரில் சீல் இறைச்சியை எல்லோரும் தரையில் உட்கார்ந்து பங்கிட்டு உண்பதைக் காட்டி, இந்தப் படம் ஏன் உங்கள் சுவரொட்டிகளில் வரவில்லை என்று கேட்கிறது. சீலைப் பார்த்து உருகியவர்கள் பலர் நல்லெண்ணத்தோடுதான் உருகினார்கள். டிக்கன்ஸும் தம் மாலுமிகள்மேல் உள்ள அன்பினால்தான் எழுதினார்.

தமிழில் துருவம் பற்றிப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு நாம் இன்னமும் ஸ்காட்டையும் ஷாக்கிள்டனையும் ஜூல் வெர்னையும்தான் நீட்டுகிறோம். அவர்களைப் படிக்கட்டும். அவற்றோடு மார்க்கூசி பட்சாக்கின் நாவலையும், க்போமாசியின் பயணத்தையும், சைபீரியக் கடற்கரைச் சுக்சி இனத்தவரான யூரி ரித்கேயுவின் ‘எ ட்ரீம் இன் போலார் ஃபாக்’ நாவலையும் தமிழுக்குக் கொண்டுவரப் பதிப்பாளர்கள் முன்வர வேண்டும். மூன்றும் பெரிய நூல்கள் அல்ல. நம் திரைப்படச் சங்கங்கள் ‘நானுக்’ படத்தைத் திரையிடும் மாலையிலேயே ‘அத்தனார்ஜுவாட்’ படத்தையும் சேர்த்துத் திரையிட வேண்டும். வீட்டில் கேம் ஆடும் பிள்ளை இருந்தால் ‘நெவர் அலோன்’ வாங்கிக்கொடுத்து, கூட உட்கார்ந்து நரியை நீங்கள் ஆடுங்கள். அதை இருவர் சேர்ந்து ஆடலாம்.